வெளிக்காற்றின் விலை

என் தொழிலின் ஆங்கிலப் பெயரில் முதலில் வருவது வெப்பமூட்டல். செங்கல்பட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் வெந்துகொண்டிருக்கும் ஊரில் எவனுக்கையா சூடு வேண்டும் என்று கேட்ட உறவினருக்கு, உண்மையிலேயே வேண்டும் என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டி ஒரு கட்டடத்திற்குக் குளிர்பதன அமைப்பை வரையும்போது வெயிலைவிட ஈரமே எங்களை அதிகம் படுத்துகிறது. கோடையில் அங்கே ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். அறைக்குள் உடல் இதமாக உணர 10 கிராம் போதும். மீதியைப் பிழிந்தெடுக்கக் காற்றைச் சுமார் 13 டிகிரிக்குக் குளிர்விக்கிறோம். ஐப்பசி அடைமழையில் வெயில் இராது, ஈரம் இருக்கும். அப்போது பிழிந்த காற்றை அப்படியே உள்ளே விட்டால் இருப்பவர்கள் நடுங்கிப்போவார்கள். எனவே சற்றே சூடேற்றி அனுப்புகிறோம். 1902இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றிற்காகத் தன் அமைப்பை வடிவமைத்ததும் மனிதர்களுக்கு வியர்த்ததற்காக அல்ல. ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் மாறி விழுந்ததற்காக.

ஈரத்தோடு உப்பும் வருகிறது. கடற்கரைக் கோயிலைச் சுற்றிச் சவுக்கு வளர்த்ததும், காகிதக் கூழைப் பூசிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுப்பதும் இந்தக் காற்றுக்காகத்தான். கருங்கல்லுக்கே அந்தப் பாடு என்றால் மொட்டை மாடியில் நிற்கும் கன்டென்சரின் அலுமினியத் தகடுகள் எம்மாத்திரம்!

இனி கணக்கு. நூறு பேர் அமரும் கூடத்திற்கு, ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று கொள்வோம். அந்தக் காற்றிலிருந்து மட்டும் மணிக்கு 40 லிட்டர் நீரை, அதாவது இரண்டரை மூன்று குடத்தை, இயந்திரம் பிழிந்தாக வேண்டும். மின்கட்டணம் அங்கேதான் ஏறுகிறது. ஆகவே செலவைக் குறைக்க நேரும்போது முதல் வெட்டு வெளிக்காற்றின் மீதே விழுகிறது. தரைப் பளிங்கைக் குறைத்தால் கண்ணில் படும். காற்றைக் குறைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? "உள்ளே இருக்கிற காத்தையே குளிர வையுங்க சார், போதும்" என்றார் ஒரு கட்டட உரிமையாளர். உள்ளே இருப்பது அடுத்தவர் விட்ட மூச்சு என்று அவரிடம் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனால் இணங்கவில்லை.

2020இல் அதே மனிதர் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, வெளிக்காற்றைக் கூட்ட முடியுமா என்று விசாரித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் எங்கள் துறைச் சங்கமான இஷ்ரே வெளியிட்ட வழிகாட்டுதலும் வெளிக்காற்றையே வலியுறுத்தியிருந்தது. ஆனால் பழைய டக்ட் சிறியது, விசிறி சிறியது. கூட்டுவதற்கு இடமே வைத்திருக்கவில்லை. கதவுகளைத் திறந்து வைக்கச் சொன்னேன். குளிர்ச்சி போயிற்று, காற்று வந்தது.

தொற்றுக்கால அச்சம் வடிந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழும் ஒரு மண்டபத்தின் வரைபடம் சென்ற மாதம் திரும்பி வந்தது. வெளிக்காற்றைப் பாதியாக்கும்படி சிவப்பு மையில் குறிப்பு. வெளியேறும் காற்றின் குளிர்ச்சியையும் வறட்சியையும் கொண்டு உள்ளே வரும் காற்றைப் பதப்படுத்தும் சுழல்சக்கரம் ஒன்றைச் சேர்த்து, காற்றின் அளவைத் தொடாமல் அனுப்பியிருக்கிறேன். சக்கரத்தின் விலையையும் எழுதியிருந்தேன். இன்னும் பதில் வரவில்லை.