கப்பல் பதிவேட்டில் ஒரு கட்டம்

நவம்பர் 16 வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து விழாப் படங்கள் வரும். 1860-ல் அந்த நாளில்தான் மதராஸிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 342 ஒப்பந்தக் கூலிகளோடு அங்கே கரைசேர்ந்தது. "தமிழன் பெருமை" என்று நம் பிள்ளைகளும் பகிர்கிறார்கள். அப்படிப் போன கப்பல்களின் பதிவேடுகளில் பெயர், வயதோடு சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. 'பறையர்' என்று எழுதப்பட்டவர்கள் அதில் ஏராளம். பகிரப்படும் பெருமையில் அந்தக் கட்டம் மட்டும் இருப்பதில்லை.

எங்கள் அப்பத்தாவின் அண்ணன் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். ஏன் போனார் என்று கேட்டேன்.

"கூலி கேட்டதுக்குப் புளியமரத்துல கட்டிவச்சு அடிச்சாங்கய்யா. ராத்திரியோட ராத்திரியாப் போயிட்டாரு."

போன இடத்திலும் கங்காணி சாதி பார்த்துத்தான் லயத்தில் காம்பரா ஒதுக்கினார் என்பது வேறு கதை.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ், இத்தாலியக் குடியேறிகளின் மரபைக் கொண்டாடும் நகரம். 1891-ல் அங்கே 11 இத்தாலியர்களை ஒரு கும்பல் கொன்றது. 2019-ல் அதற்காக மன்னிப்புக் கேட்டார் மேயர் லட்டோயா கான்ட்ரல். கேட்டவர் ஒரு கறுப்பினப் பெண் என்பதையும் கவனியுங்கள்.

அங்கே அடித்தது போய்ச் சேர்ந்த ஊர். எங்களை அடித்தது பிறந்த ஊர். அந்தப் புளியமரம் இன்னும் நிற்கிறது. தேர்தல் வந்தால் எங்கள் தெருவுக்குள் நுழையாமல், அதன் நிழலில் நின்றுதான் ஓட்டுக் கேட்கிறார்கள்.