காரின் நடுக்கம்

ஊரப்பாக்கத்தில் வாழ்வோர்க்கு மோட்டார்த் தொழில் புதியதன்று. அருகிலுள்ள பெருங்களத்தூரில் முன்னாளில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கிற்று. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார் அந்நிறுவனத்தார் ஆக்கியதே. தொழிற்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. அந்நிலத்தில் இன்று கணினி நிறுவனங்களும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. எங்கள் தெருவில் கார் பழுது பார்ப்பவரின் தந்தையார் அங்குப் பணிபுரிந்தவர். மகனோ என்னிடம் நன்னூல் பயின்றவர்.

எங்கள் வீட்டுக் கார் இருபது ஆண்டு கண்டது. உடல் தளர்ந்த என் தமக்கையாரைச் செங்கற்பட்டு மருத்துவரிடம் வாரந்தோறும் அழைத்துச் செல்வது அதுவே. சில திங்களாக, ஜி.எஸ்.டி. சாலையில் விரைந்து செல்லுங்கால் பிரேக்கை மிதித்தால், ஸ்டியரிங் என் மருமகனின் கையில் படபடவென நடுங்கலாயிற்று. முன்னும் பின்னும் லாரிகள் நெருங்கும் சாலையில், நிறுத்துதற்குரிய கருவியே நடுங்குமாயின் அச்சம் பிறவாதோ? டயர்க் கடையொன்றில் சக்கரங்களைச் சமன் செய்து பார்த்தார். பணம் சென்றது, நடுக்கம் செல்லவில்லை.

“ஐயா, பிரேக் மிதிக்காதபோதும் ஆடுகிறதா?” என்று வினவினார் என் பழைய மாணவர்.

“இல்லை, தம்பி.”

“அப்படியானால் டயரின்மேல் பழியில்லை. சக்கரம் சமனற்றிருந்தால் எப்போதும் ஆடும்.”

ஒன்று உள்ளவழி மற்றொன்று உளதாதலும், இல்லாவழி இலதாதலும் கண்டு காரணம் துணிவது தருக்க நூலார் முறை. அந்நூலை அவர் தொட்டதில்லை, முறையை நன்கறிவார்.

ஆளில்லாத் தெருவில் மெல்ல ஓட்டிச் சென்று, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தார். அது பின்சக்கரங்களை மட்டுமே பற்றுவது. நடுக்கம் எழவில்லை. ஆகவே குற்றம் முன்புறத்ததே. ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழும், பின்னர் இடமும் வலமுமாகப் பற்றி அசைத்தார். பால் ஜாயிண்டோ டை ராடோ தேய்ந்திருந்தால் அங்கே ஆட்டம் தெரியும். சிறு நடுக்கத்தையும் அவை பெரிதாக்கிக் கைக்குக் கொணரும். இங்கு ஆட்டம் இல்லை.

பின்னர்ச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்தது டிஸ்க் எனப்படும் வார்ப்பிரும்புத் தட்டு. அதனை இருபுறமும் பேடுகள் இறுகப் பற்றுவதாலேயே வண்டி நிற்கிறது. டயல் கேஜ் என்னும் அளவுகருவியைத் தட்டின்மேல் பொருத்திச் சுழற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் முள் துள்ளியது.

“டிஸ்க் வளைந்துவிட்டது” என்றார் மருமகன். எல்லாரும் அவ்வாறே சொல்கின்றனர். பெரும்பாலும் தட்டு வளைவதில்லை, கோணலாக அமர்கிறது. ஹப்புக்கும் தட்டுக்கும் இடையே துரு படிந்தாலும், போல்ட்டுகளை ஒரே அளவாக முடுக்காவிட்டாலும் அக்கோணல் நேரும். பிரேக் மிதிக்காத வேளையிலும் தட்டின் ஓரிடம் மட்டும் பேடில் உரசி உரசி மெலியும். மெலிந்த இடமும் தடித்த இடமும் மாறி மாறிப் பேடினூடே ஓடுகையில், பிடிப்பு ஏறி இறங்கும், அதுவே நடுக்கம். மயிரிழையின் பருமனிலும் குறைந்த வேறுபாடே இதற்குப் போதும்! மணிக்கு 80 கிலோமீட்டர் செல்லும் சிறு காரின் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு முறை சுழல்வதை எண்ணினால் வியப்பில்லை.

எங்கள் காரில் இடப்புற ஹப்பில் துரு தடித்திருந்தது. காலிபர் நகர்தற்குரிய பின் இறுகிக் கிடந்ததால், பேடும் தட்டைவிட்டு முற்றும் விலகவில்லை. தட்டு போதிய கனத்தோடு இருந்தால் லேத்தில் கடைந்து சமன் செய்யலாம். எங்கள் தட்டோ அதன் விளிம்பிலேயே பொறித்திருந்த குறைந்த அளவினும் மெலிந்திருந்தது. ஒருபுறம் மட்டும் மாற்றினால் பிடிப்பு ஒவ்வாதென்று, இருபுறத் தட்டுகளையும் பேடுகளையும் மாற்றினார். துருவைத் தேய்த்தெடுத்து, பின்னுக்குக் கிரீஸ் இட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக ஒரே அளவு முடுக்கினார். புதிய பேடுகள் தட்டோடு படியும் வரை கடுமையாக மிதிக்கலாகாது என்று மருமகனிடம் இருமுறை சொன்னார்.

அவ்வாரம் தமக்கையார் செங்கற்பட்டு சென்று மீண்டார். வண்டியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. வழியெல்லாம் உறங்கிவிட்டாராம்.