காலைக் கழுவும் இடம்



மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் தஹாரத் என்னும் தூய்மையிலிருந்தே தொடங்கும். திருக்குர்ஆனின் 5:6 வசனம் கூறும் உளூவின் நான்கு கடமைகளைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணி ஒப்பிப்பார்கள்: முகத்தைக் கழுவுதல், கைகளை முழங்கைகள் வரை கழுவுதல், தலையைத் தடவுதல், கால்களைக் கணுக்கால்கள் வரை கழுவுதல். இருபது ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். அந்த நான்காவது கடமையை, எழுபத்தாறு வயதான என் அம்மா எங்கள் வீட்டில் எவ்வாறு நிறைவேற்றுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு மார்கழிக் குளிரில், ஒரு ஃபஜ்ருடைய நேரத்தில் அதற்கு விடை கிடைத்தது. சத்தம் கேட்டு ஓடினேன். முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே அம்மா விழுந்து கிடந்தார்கள். ஒரு காலை ஊன்றி, மறுகாலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்துக் கழுவும்போது ஊன்றிய கால் வழுக்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. இடுப்பில் அடி மட்டுமே.

ஆனால் மருத்துவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். சிறுநீர்த் தொற்று. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டபோது அம்மா தலைகுனிந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்து நான் மீண்டும் கேட்டேன். "அஸருக்கு மேல குடிக்கிறதில்லத்தா. ராத்திரி எந்திரிச்சு அங்க போக பயமா இருக்கு" என்றார்கள். எத்தனை காலமாக என்று கேட்டேன். "ரெண்டு மூணு வருஷமா" என்றார்கள். பெற்றோரிடம் 'சீ' என்றும் சொல்லாதீர்கள் என்ற இறைக்கட்டளையை விளக்கி நான் எத்தனையோ முறை பயான் செய்திருக்கிறேன். என் அம்மா என்னிடம் தாகத்தை மறைத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

எங்கள் வீடு ஏற்காட்டில் உள்ள பழைய ஓட்டு வீடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அந்தக் காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதிய என் பாட்டனார் கட்டிய வீடு இது. சுவர்கள் இந்த மலைக்கே உரிய சார்னோகைட் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. குளியலறை பிற்காலத்தில் ஒட்டுப்போட்டது. வழவழப்பான சிமென்ட் தரை, மழைக்காலம் முழுவதும் பாசி, வெளிச்சமில்லை, தரையோடு பதித்த கழிப்பிடம்.

அந்தக் கழிப்பிடம் ஏறக்குறைய கிப்லாவை நோக்கியே அமைந்திருந்தது. நம் பகுதிக்குக் கிப்லா நேர்மேற்கன்று. மேற்கிலிருந்து சுமார் 20 பாகை வடக்கே சாய்ந்தது. மலஜலம் கழிக்கும்போது கிப்லாவை முன்னோக்கவோ பின்னோக்கவோ கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்த ஹதீஸை அறிவிக்கும் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள், ஷாம் நாட்டுக்குச் சென்றபோது அங்கே கிப்லாவை நோக்கிக் கட்டப்பட்ட கழிப்பிடங்களைக் கண்டதாகவும், தாங்கள் திரும்பி அமர்ந்து அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடியதாகவும் கூறுகிறார்கள். கட்டடத்துக்குள் இதற்கு அனுமதி உண்டு என்பது ஷாஃபி மத்ஹபின் கருத்து. எங்கள் ஹனஃபி மத்ஹபில் கட்டடத்துக்குள்ளும் கூடாது. இந்தச் சட்டத்தை வீட்டில் சொல்லிக்கொடுத்தவன் நானே. அதைக் கேட்டு, அம்மா அந்த வழுக்குத் தரையில் முழங்கால் வலியோடு பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து வந்திருக்கிறார்கள். மஸ்அலாவைச் சொன்ன நான், கழிப்பிடத்தைத் திருப்பிவைக்க நினைக்கவில்லை.

கொத்தனார் தேடினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரு சிறிய குளியலறைக்காக மலையேறி வர, சேலத்தில் யாருக்கும் விருப்பமில்லை; வருவதாகச் சொன்னவர் கேட்ட கூலி, மதரஸா ஊதியத்துக்கு எட்டவில்லை. எனவே நானே செய்வதென்று முடிவு செய்தேன். குழாய் வேலை அறிந்த பக்கத்து வீட்டு அண்ணன் வழிகாட்டினார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் என் மகன் சித்தாளானான். வேலை முடியும்வரை அம்மா பக்கத்துத் தெருவில் தங்கை வீட்டில் இருந்தார்கள்.

முதலில் பழைய தரையை உடைத்தோம். சுவரின் அடியில் ஓதம் ஏறியிருந்தது. எப்போதோ பூசிய சிமென்ட் பூச்சுதான் அதை மோசமாக்கியது என்பது அப்போது புரிந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், பிறகு காற்றில் விட்டுவிடும். மேலே சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சாந்தை அரிக்கும். ஆகவே தண்ணீர் தெறிக்கும் நான்கடி உயரத்துக்கு மட்டும் டைல் பதித்து, அதற்கு மேலே சுண்ணாம்புப் பூச்சே பூசினோம். அடைத்துக் கிடந்த சன்னலையும் திறந்துவிட்டோம்.

அடுத்தது வாட்டம். தரையின் சரிவைக் கொத்தனார்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். நான்கடிக்கு முக்கால் அங்குலம் என்று கணக்கிட்டு, மட்டக்குழாயால் அளந்து, தண்ணீர் எங்கும் தேங்காமல் மூலைக்கு ஓடும்படி அமைத்தோம்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தது. நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பூசியபின், வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நாள் வீணாகிறதே என்று நான் அதைச் செய்யாமல் டைல் ஒட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் சமையலறைச் சுவரில் ஈரம் தெரிந்தது. ஒட்டிய டைல்களில் பாதியை உடைத்தெடுத்தோம். வடிகால் குழாய் தரையோடு சேரும் இடத்தில் பூச்சு விட்டுப்போயிருந்தது. மறுபடி பூசி, இம்முறை 48 மணி நேரம் தண்ணீர் தேக்கினோம். மகன் பள்ளிக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் சுவரில் பென்சிலால் கோடிட்டு நீர்மட்டத்தைப் பார்த்தான். "அத்தா, நகத்தில் மாவு ஒட்டியிருந்தால் உளூ கூடாது என்று பாடத்தில் வருமே, அது மாதிரிதானே இதுவும்?" என்றான். அவன் சொன்னது சரிதான். ஊசிமுனை இடம் விட்டுப்போனாலும் வேலை முழுமையாகாது.

அம்மாவின் காலுக்கு என்ன செய்வது என்பதற்குப் பழைய பள்ளிவாசல் ஒன்றில் விடை கிடைத்தது. அங்கே ஹவுளின் கரையில் முதியவர்கள் அமர்ந்து, குனியாமலும் காலைத் தூக்காமலும் கழுவிக்கொண்டிருந்தார்கள். நம் முன்னோர் உட்கார்ந்தே உளூச் செய்தார்கள். நாம் வீட்டில் முகம் கழுவும் தொட்டியை மாட்டியபின், ஒற்றைக்காலில் நிற்கப் பழகிவிட்டோம். நாடாவால் அந்த உட்காரும் கல்லை அளந்து வந்து, எங்கள் குளியலறையில் 17 அங்குல உயரத்தில் ஒரு திண்டு கட்டினேன். எதிரே ஒரு குழாய், காலை ஊன்ற ஒரு கல், கீழே நீர் ஓட ஒரு வாய்க்கால். தரைக்குச் சொரசொரப்பான டைல். நாற்காலி போன்ற புதிய கழிப்பிடம், வடக்கும் சற்றுக் கிழக்குமாகத் திரும்பியது. அதன் பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு எஃகுக் கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே யாரேனும் விழுந்தால் தள்ளித் திறக்க முடியாமல் போகக்கூடாது.

குழாயைப் பொருத்தியபின் ஒரு சோதனை செய்தேன். கீழே வாளியை வைத்து, நான் வழக்கமாகச் செய்வது போல் உளூச் செய்தேன். ஏழு லிட்டருக்கு மேல் நிறைந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முத் என்பது இரு கைகள் சேர்ந்து அள்ளும் அளவு. மத்ஹபுகளின் கணக்குப்படி முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. கோடையில் கிணறு வற்றி லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு, அதைவிட ஏழு மடங்கு செலவழிக்கிறேன். குழாயின் அடி வால்வைப் பாதிக்கு மேல் மூடிவைத்தோம். இப்போது இரண்டு லிட்டரில் முடிகிறது. இன்ஷா அல்லாஹ், இன்னும் குறைப்போம்.

ரமளான் பிறைக்கு முந்தைய நாள் அம்மா வந்தார்கள். திண்டில் அமர்ந்து, கம்பியைப் பிடித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உளூச் செய்தார்கள். வலக்காலைக் கழுவி, விரல் இடுக்குகளைச் சுண்டுவிரலால் கோதி, பிறகு இடக்காலைக் கழுவினார்கள். அன்று இரவு படுக்கப்போகுமுன் என்னைக் கூப்பிட்டு, "ஒரு செம்பு தண்ணி கொண்டாத்தா" என்றார்கள். முழுவதையும் என் முன்னாலேயே குடித்தார்கள்.

குபா பள்ளிவாசல் மக்களைத் தூய்மையை விரும்புவோர் என்று அல்லாஹ் புகழ்கிறான். நாம் வரவேற்பறைக்குச் செலவழிக்கிறோம். விருந்தாளி காணாத குளியலறையை அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறோம். எல்லோரும் கரணையைக் கையில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காலைக் கழுவும்போது ஒருமுறை பாருங்கள். மாலைக்குப் பின் தண்ணீர் குடிக்கிறார்களா என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் கவனக்குறைவை அல்லாஹ் மன்னிப்பானாக. நம் பெற்றோரின் வணக்கங்களை அவர்களுக்கு இலகுவாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.