மறுபடியும் பித்தப்பை

அம்மாவுக்கு மறுபடியும் பித்தப்பை வீங்கிடுச்சு. குழாயை எடுத்து முழுசா மூணு மாசம்கூட ஆகலை.

தை மாசம் முதல் தடவை வந்தப்போ வலது விலாவுக்குக் கீழ வலி, குளிர்காய்ச்சல், வாந்தி. ஸ்கேன்ல பார்த்தா பித்தப்பையோட கழுத்துல கல் சிக்கியிருந்தது. வயசு 74. நாலு மாசம் முன்னாடிதான் இதயத்துக்கு ஸ்டென்ட் வெச்சிருந்தாங்க. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நிறுத்த முடியாது, மயக்க மருந்தை இதயம் தாங்குமாங்கறதும் சந்தேகம். அதனால ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே, மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு, ஈரல் வழியா ஒரு மெல்லிசான குழாயைப் பித்தப்பைக்குள்ள விட்டாங்க. ரெண்டே நாள்ல காய்ச்சல் இறங்கிடுச்சு.

அஞ்சு வாரம் அந்தக் குழாயோட. பித்தநீர் வடியற பையை ஒரு மஞ்சப்பைக்குள்ள போட்டுத் தோள்ல மாட்டிக்கிட்டு அம்மா மாட்டுக்குத் தீவனம் போடப் போகும். பார்க்கறவங்க சந்தைக்குப் போறதா நினைச்சுக்குவாங்க. குழாய் அடைக்காம இருக்க தினமும் சலைன் விட்டுக் கழுவினது என் சம்சாரம்.

வாய்க்கால் மடையில கல் விழுந்து தண்ணி ஏறினா, கரை உடையாம இருக்க ஓரமா வெட்டி வடிய விடுவோம். அந்த மாதிரிதான் இந்தக் குழாய். தண்ணி வடியும், கல் அங்கேயே கிடக்கும். சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்து, வழி திறந்திருக்குன்னு பார்த்துத்தான் குழாயை உருவினாங்க. அப்பவே டாக்டர் சொன்னார்: "கல் உள்ளேதான் இருக்கு. இதயம் தேறினதும் பையையே எடுத்துடணும்."

அம்மா கேட்டாத்தானே! "வலியே இல்லாதப்போ எதுக்குக் கத்தி? கடலைக்காய் புடுங்கி முடிக்கட்டும்"னுச்சு. புடுங்கி முடிச்ச வாரம் வலி வந்துடுச்சு.

குழாய் வெச்சதே தண்டச்செலவுன்னு ஊர்ல பேசறாங்க. எனக்கு அப்படித் தோணலை. தையில அது இல்லைன்னா இன்னைக்கு அம்மா இல்லை. கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கச் சொல்றவங்களும் உண்டு. எங்க வரப்பு முழுக்கக் கீழாநெல்லிதான், ஆனா கழுத்துல சிக்கின கல்லை அது நகர்த்தும்னு நான் நம்பலை.

இந்தத் தடவை மருந்துலயே அடங்கிடுச்சு. இதய டாக்டரும் ஒரு மாத்திரையை மட்டும் அஞ்சு நாள் முன்னாடி நிறுத்தலாம்னு சொல்லிட்டார். சின்னத் துளை போட்டுத்தான் செய்வாங்களாம். ரெண்டு தடவை வீங்கின பை, பக்கத்துல ஒட்டியிருந்தா வயித்தைத் திறக்க வேண்டி வரலாம்னும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க.

"அந்தப் பை இல்லாம சோறு செரிக்குமா கண்ணு?"ன்னு கேட்டுச்சு அம்மா. பித்தநீர் சுரக்கறது ஈரல்லதான், பித்தப்பை சேர்த்து வைக்கற தொட்டி மட்டும்தான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "செவலையை யாரு கறப்பா?"ன்னுச்சு.

வர்ற வியாழக்கிழமை அட்மிட் ஆகணும்.