ஏழு கோடிக் கால்கள்

"முப்பத்தேழு வயசுக்காரருக்கு ஏழு கோடியா? நம்ம சென்னை விட்டுக் கொடுத்தது ரொம்பச் சரி, பாட்டி!" என்றான் பேரன். கிரிவலத்தில் அடி அண்ணாமலைக் கோயிலை நெருங்கிக்கொண்டிருந்தோம். 2022-ல் எங்கள் வீட்டில் தொடங்கிய வழக்கு இது, இன்னும் தீர்ந்தபாடில்லை.

கிரிக்கெட்டைப் பற்றி இந்தப் பாட்டிக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? டு பிளெஸ்ஸி எல்லைக் கோட்டோரம் ஓடிப் பாய்ந்து பந்தைப் பிடிப்பதைப் பார்க்கவே, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் நான். 2021 விஜயதசமியன்று இறுதி ஆட்டத்தில் 59 பந்தில் 86 ஓட்டம் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். அந்த வருஷம் மொத்தம் 633. நாலே மாதத்தில் ஏலம்; பெங்களூர்க்காரர்கள் கொண்டுபோய்த் தலைவராகவே ஆக்கிவிட்டார்கள். சென்னை அந்த வருஷம் ஒன்பதாவது இடம்!

"கான்வேயை ஒரு கோடிக்குத்தானே எடுத்தோம்? 2023-ல் கோப்பை வரலியா?" என்று மடக்கினான். வாஸ்தவந்தான். ஆனால் அதே 2023-ல் அந்த 'வயசானவர்' பெங்களூருக்கு 730 ஓட்டம் குவித்தாரே! மட்டையை விடுங்கள், எல்லைக் கோட்டில் தடுத்த ஓட்டங்களுக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? வீட்டுச் செலவில் மிச்சம் பிடிக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"கால் என்னிக்காவது ஓயும், பாட்டி. அது தெரிஞ்சே பணத்தைக் கொட்டறதா?"

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு அறுபத்தெட்டு. பதினாலு கிலோமீட்டரில் கிட்டத்தட்டப் பாதிதான் ஆகியிருந்தது. இடது முழங்கால் அப்போதே முனக ஆரம்பித்திருந்தது. அவனிடம் சொல்லவில்லை. எப்படித்தான் கண்டுகொண்டானோ, "ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றான்.

"எவ்வளவு கேட்கிறான் பார். ஏழு கோடிக்கு மேலே போனால் நடந்தே வந்துவிடுகிறேன்."