குழாய்க்குள் பத்து எண்கள்

கண்ணாடி லேத்துக்கு அருகே போனதும், பேச வேண்டாம் என்று கையால் காட்டினார்கள். லேத்தின் ஒரு தலையில் மேல்முனை மூடிய கண்ணாடிக் குழாய். எதிர்த் தலையில் பத்து எண்களைச் சுமந்த அடிப்பகுதி. இரண்டும் ஒரே வேகத்தில் சுழல, நடுவில் எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்த சுடர் சீறியது. சூடேறிய கண்ணாடியிலிருந்து சோடியத்தின் மஞ்சள் கிளம்பி என் கண்ணைக் கூசச் செய்தது. அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டும் ஊதா நிறக் கண்ணாடி அணிந்திருந்த ஒரு பெண், இளகிய விளிம்பைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்புகள் தொட்டு ஒட்டியதும், வாயில் கவ்வியிருந்த ரப்பர் குழாய் வழியே மெல்ல ஊதினார். உள்ளே குழிந்திருந்த இணைப்பு நிமிர்ந்தது. எவ்வளவு ஊத வேண்டும் என்று கேட்டேன். கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

இது செக் குடியரசின் மொராவியாப் பகுதியில் உள்ள ஒரு சிறிய பட்டறை. தங்கள் பெயர்களை எழுத வேண்டாம் என்று அங்கே வேலை செய்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் செய்வது நிக்ஸி குழாய், அதாவது ஆரஞ்சு ஒளியில் எண் காட்டும் விளக்கு. அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் இதை 1955இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வோல்ட் மீட்டர், அதிர்வெண் அளவி, மேசைக் கணிப்பான் என்று எண் காட்ட வேண்டிய கருவிகளில் எல்லாம் இது இருந்தது. 1970களில் எல்இடி மலிவாகக் கிடைத்ததும் ஆலைகள் ஒவ்வொன்றாக இந்த உற்பத்தியைக் கைவிட்டன. செக்கோஸ்லோவாக்கியாவில் இதைச் செய்துவந்த டெஸ்லா நிறுவனமும் (இன்றைய கார் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) அப்படித்தான் நிறுத்தியது.

ஆலை போனபோது வரைபடங்கள் மிஞ்சின, கைப்பழக்கம் போய்விட்டது. இதே நாட்டைச் சேர்ந்த டாலிபோர் ஃபார்னி 2011 வாக்கில் இந்தக் குழாயைத் திரும்பச் செய்ய இறங்கியபோது, கண்ணாடி வேலை, வெற்றிட வேலை இரண்டையும் அடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. கிழக்கு ஜெர்மனியில் செய்யப்பட்ட இசட்568எம் குழாயை முன்மாதிரியாகக் கொண்டு, 50 மில்லிமீட்டர் உயர எண்களோடு அவர் செய்த குழாய்தான் இந்தத் தொழில் மறுபடி நடக்கும் என்று காட்டியது.

பலர் இதை இழைவிளக்கு என்று நினைக்கிறார்கள். உள்ளே எந்தக் கம்பியும் பழுக்கக் காய்வதில்லை. எண் வடிவத்தில் வெட்டிய மெல்லிய உலோகத் தகடுகள் பத்து, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முன்னால் நுண்ணிய உலோக வலை. வலைக்கும் ஒரு தகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 170 வோல்ட் கொடுத்தால், அந்தத் தகட்டை ஒட்டியிருக்கும் நியான் வாயு ஒளிர்கிறது. ஒளிர்வது வாயு, எண்ணின் வடிவம் தகட்டுடையது. மற்ற ஒன்பதும் இருட்டில் நிற்கும்.

தகடுகளை அடுக்கும் மேசையில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். அமிலத்தால் அரித்து எடுத்த எண்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, நடுவே பீங்கான் வளையம் வைத்துக் கோக்கிறார் ஓர் இளைஞர். ஒன்று, இரண்டு என்று வரிசையாக அடுக்குவதில்லை. பின்னால் இருக்கும் எண்ணை முன்னால் இருப்பது மறைத்துவிடக் கூடாது என்பதுதான் அங்கே கணக்கு. சோவியத் ஐஎன்-12 குழாயில் ஐந்துக்குத் தனி அச்சுகூடச் செய்யாமல் இரண்டைத் தலைகீழாக நிறுத்தினார்கள். அந்தப் பழைய குழாய் ஒன்றை என் கையில் கொடுத்தார். பார்த்தேன், அந்த ஐந்து அழகாக இல்லை. இவர்கள் ஐந்தை ஐந்தாகவே வரைகிறார்கள். இந்தச் சிரத்தைக்காகவே இவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

உலோகக் கம்பி கண்ணாடிக்குள் நுழையும் இடம்தான் இந்தத் தொழிலின் உயிர்நிலை. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிய வேண்டும், ஒரே அளவில் சுருங்க வேண்டும். அதற்காகவே நிக்கல் இரும்புக் கலவையின் மேல் செம்பு போர்த்திய கம்பியைப் பயன்படுத்துகிறார்கள். அப்படியும் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும். சூளையில் வைத்து மெல்ல ஆற்றுகிறார்கள். பிறகு முனைவுற்ற ஒளியில் பிடித்துப் பார்த்தால், இறுக்கம் இருக்கும் இடம் வண்ணப் பட்டையாகத் தெரிகிறது. எனக்குக் காட்டிய குழாயில், ஒரு கம்பியைச் சுற்றி மெல்லிய நீலம் இருந்தது. வெறும் கண்ணுக்கு அது குறையே இல்லாத குழாய். காட்டியவர் அதைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டார்.

அடுத்தது பம்ப். குழாயைச் சூடாக்கிக்கொண்டே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிறார்கள். கண்ணாடியிலும் உலோகத்திலும் ஒட்டியிருக்கும் ஈரமும் வாயுவும் அப்போதுதான் வெளியேறும். கொஞ்சம் தங்கினாலும் பின்னாளில் நியான் கெட்டு, ஒளி மங்கிவிடும். பிறகு குறைந்த அழுத்தத்தில் நியானை விட்டு, இணைப்புக் குழாயைச் சுடரால் உருக்கி அறுக்கிறார்கள். அறுத்த இடத்தில் ஒரு சிறு கூம்பு மிஞ்சுகிறது.

முதல் முறை மின்சாரம் கொடுத்தபோது எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். மூன்று எரிந்தது, ஏழு எரிந்தது. எட்டின் கீழ்வளையம் பாதியில் நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை. அந்த எண்ணுக்கு மட்டும் மின்னோட்டத்தைக் கூட்டி வைத்தார்கள். மேற்பரப்பில் அழுக்கு இருந்தால் அது எரிந்து விலகும் என்றார் பம்ப் பார்ப்பவர். நான் காபி குடித்துவிட்டு வந்தபோது எட்டு முழுதாக இருந்தது.

எரிந்துவிட்டது என்பதற்காக உடனே விற்றுவிடுவதில்லை. மயிரிழைக் கசிவு நாள்கள் கழித்துத்தான் தெரியும் என்பதால் அலமாரியில் காத்திருக்க வைக்கிறார்கள். அங்கிருந்து தோற்று வருவதை உடைத்துப் பார்த்துக் காரணம் தேடுகிறார்கள். விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களை அந்த அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

விடைபெறும்போது லேத் அம்மையார் ஒன்று சொன்னார். எரியும் எண்ணிலிருந்து உலோகத் துகள் பறந்து, எரியாத எண்களின் மேல் படியுமாம். நெடுநாள் எரியாத எண்ணில் அந்தப் படிவு தடித்து, பிறகு அது திட்டுத்திட்டாகத்தான் எரியும். மணி காட்டும் இலக்கத்தில் இரண்டுக்கு மேல் வராத பத்தாம் இடக் குழாய்க்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆகவே வீட்டில் நிக்ஸி கடிகாரம் வைத்திருப்பவர்கள் தினமும் சில நிமிடமாவது எல்லாக் குழாய்களிலும் பூச்சியம் முதல் ஒன்பது வரை ஓட விடுங்கள்.