முகப்பு வழியாக

என் அம்மா "சும்மா பார்க்க" என்று சென்னைக்கு வந்தபோது அவளுக்கு வயது அறுபத்தாறு. அதற்கு முன்பு இரண்டு முறை வந்திருக்கிறாள். ஒருமுறை பெரியம்மா மகளின் பிரசவத்துக்கு. இன்னொருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்த சித்தப்பாவுக்குச் சோறாக்கிப் போட. இரண்டு முறையும் அவள் பார்த்த சென்னை ஓர் அடுப்படியும் ஒரு வார்டும்தான்.

"கடலைப் பார்த்தியாம்மா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"எங்கிட்டுப் பார்க்க? துவைச்ச துணியை எடுத்து மடிக்கவே பொழுது போயிருச்சு."

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம் நேமத்தான்பட்டி. நகரத்தார் ஊர்களில் ஒன்று. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணம் தேக்குத் தூண்களாகவும் பளிங்குத் தரையாகவும் வந்து நிற்கும் ஊர். நாங்கள் நகரத்தார் இல்லை. அந்தப் பெரிய வீடுகளில் ஒன்றில் அம்மா முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள்.

செட்டிநாட்டு வீட்டைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்தெருவில் முகப்பு, திண்ணை, சிற்பம் செதுக்கிய நிலைக்கதவு. உள்ளே வானம் பார்த்த வளவு. அதைச் சுற்றி அறைகள். அப்புறம் இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு. கடைசியில் பின்தெருவில் திறக்கும் வாசல். அம்மாவின் வாசல் அதுதான்.

காலையில் அவள் முகப்பைக் கூட்டுவாள், தெளிப்பாள், கோலம் போடுவாள். திண்ணையைத் துடைப்பாள். கதவின் பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் தேய்ப்பாள். எல்லாம் முடிந்ததும் வாளியையும் விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு, தெருவைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போய் உள்ளே நுழைவாள். அந்தப் படியில் ஏறி, அந்த நிலையைத் தாண்டி அவள் உள்ளே போனதே இல்லை. போகக்கூடாது என்று ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே யாருக்கும் வந்ததில்லை.

அந்தக் குடும்பம் சென்னையில் இருந்தது. கல்யாணம், படைப்பு, பொங்கல் என்றால் வரும். மற்ற நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கும். முன்வாசல் சாவி சென்னையில். பின்வாசல் சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில். பத்து வருடத்துக்கு முன் பங்காளிகள் வீட்டைப் பிரித்தார்கள். தூண்களும் கதவுகளும் லாரி ஏறின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இப்படிப் பிரித்த வீடுகளின் தூணும் மங்குச் சாமானும் அங்கே விலைக்குக் கிடைக்கும். அம்மாவிடம் சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வீடே இல்லாத சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் அம்மாவைக் கூட்டிவந்து ஊர் சுற்றிக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். அண்ணன் கேட்டான், "இந்த வயசுல எதுக்கு? கோயிலுக்குன்னாலாவது சரி." எங்கள் பக்கம் ஒரு பெண் ஊர்விட்டு ஊர் போக நாலு காரணம்தான் உண்டு. நல்லது, கெட்டது, ஆஸ்பத்திரி, கோயில். சும்மா பார்ப்பது என்பது ஐந்தாவது காரணமாக யார் வாயிலும் வந்ததில்லை. ஆண்கள் மதுரைக்குச் சும்மா போய் வருவார்கள். அதற்கு அவர்கள் காரணம் சொல்வதும் இல்லை. அம்மாவே பக்கத்து வீட்டில் ஒரு பொய் சொல்லி வைத்தாள். "வடபழநி முருகனுக்கு ஒரு வேண்டுதல்."

விடிவதற்கு முன் காரைக்குடியில் பல்லவன் ஏறினோம். மதியம் எழும்பூர். வழி முழுக்க அம்மா தண்ணீர் குடிக்கவில்லை. "அங்க எங்கிட்டுப் போறதுன்னு தெரியாதுல்ல" என்றாள். பயணம் போகும் பெண்கள் முதலில் திட்டமிடுவது எதைப் பார்ப்பது என்பதை அல்ல, எங்கே ஒதுங்குவது என்பதைத்தான். அடுத்த இரண்டு நாளும் எந்த இடத்துக்குள் போனாலும் கழிப்பறை எங்கே என்று கேட்டுவைப்பதே என் முதல் வேலை ஆயிற்று. அது தெரிந்த பிறகே அவள் நிதானமாகப் பார்த்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதால் முந்திக்கொண்டோம். 1851-இல் தொடங்கி, 1854-இல் எழும்பூர் பாந்தியன் தோட்டத்துக்கு வந்த இடம். அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் இதைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலையை உயிர்க் காலேஜ் என்றும் சொல்வார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "செத்ததைப் பார்க்கவா காசு குடுத்தே?" என்றாள்.

அமராவதிக் கற்களின் முன் பேசாமல் நடந்தாள். செப்புத்திருமேனிகள் இருக்கும் பகுதியில்தான் அவள் கால் நின்றது. திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர். பாதி ஆண், பாதி பெண். நான் அந்தப் பெண்பாதியின் இடுப்பு வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வேறொன்றைப் பார்த்தாள்.

"பச்சை பிடிச்சுக் கிடக்கு. புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிரும்."

அந்தப் பச்சையை அப்படியே விட்டால்தான் சிலைக்குக் காப்பு என்று சொன்னேன். நம்பவில்லை. முப்பத்தொரு வருடம் உலோகத்தைத் தேய்த்த கை அது. சிலையைப் பார்க்கும் எல்லோருக்கும் செய்த ஸ்தபதி நினைவுக்கு வருவார், செய்யச் சொன்ன அரசன் நினைவுக்கு வருவான். நாள்தோறும் கழுவித் துடைத்தவர்கள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. என் அம்மாவுக்கு மட்டும் வந்தது.

செம்பியன் மாதேவியைப் பற்றி அங்கேதான் அவளுக்குச் சொன்னேன். பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி. கணவர் கண்டராதித்தர் இறந்தபின் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியவர். அவருடைய உருவம் என்று பலர் கருதும் செப்புச் சிலை இப்போது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மா நான் சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"தாலி அறுத்தவளையா கோயில் கட்ட விட்டாக?"

"அரசிம்மா."

"அப்பச் சரி" என்றாள். அப்பா இறந்தபின் எத்தனை கல்யாண வீட்டில் அவள் அடுப்படியை விட்டு வெளியே வராமல் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் மெரினா. அம்மா கடலைப் பார்த்தாள். காலை நனைத்தாள், அவ்வளவுதான், அதிகம் பேசவில்லை. திரும்பும்போது உழைப்பாளர் சிலை. தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959-இல் திறந்தார்கள். நாலு ஆண்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள்.

"என்ன சிலை இது?"

"உழைக்கிறவங்க சிலை."

சுற்றி வந்து பார்த்தாள். "பொம்பளை யாரையும் காணோம்?"

சிற்பம் அருமையானது. நரம்பும் தசையும் பேசும். ஆனால் அவள் கேட்ட கேள்வியை நான் கேட்டதே இல்லை. அந்தச் சாலை வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி இந்தக் கடற்கரையில் பத்துச் சிலைகள் வைத்தார்கள். அதில் இரண்டு பெண்கள். ஒருவர் ஔவையார், மற்றவள் கண்ணகி. கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006-இல் திரும்ப வைத்தார்கள். ஒருத்தி பாடிப் பெயர் பெற்றாள், மற்றவள் நீதி கேட்டுப் பெயர் பெற்றாள். கூட்டிப் பெருக்கிப் பெயர் பெற்றவள் எங்கும் இல்லை.

கொஞ்சம் தள்ளி ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இந்த இரண்டையும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு. பதினோரு வயதில் விதவையாகி, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, குழந்தை விதவைகளுக்கான விடுதியை அந்தக் கட்டிடத்தில் நடத்தினார். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகள் அந்த வட்டச் சுவர்களுக்குள் படித்தார்கள், கடலைப் பார்த்தார்கள், ஆசிரியைகளாக வெளியே போனார்கள்.

"எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தாகளா?" என்று கேட்டாள் அம்மா.

"அந்த விடுதி பிராமணப் பிள்ளைகளுக்குத்தான்."

"ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் புரிந்தது. சுப்பலட்சுமியின் பெருமையை அது குறைக்கவில்லை. ஆனால் பெண்கள் வரலாறு என்று நாம் பேசும்போது எந்தப் பெண்கள் என்று கேட்க மறக்கக் கூடாது என்று அந்த ஓர் எழுத்து சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, தட்சிணசித்ரா. செவ்வாய்க்கிழமை மட்டும் அதற்கு விடுமுறை. டெபோரா தியாகராஜன் முன்னின்று தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை நடத்துகிறது. லாரி பேக்கர் வடிவமைப்பில் 1996-இல் திறந்தது. தென் மாநிலங்களிலிருந்து இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, தூண் தூணாக, கதவு கதவாகக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நெசவாளர் வீடு, குயவர் வீடு, அக்ரஹார வீடு, கேரளத்து வீடு. அவற்றோடு ஒரு செட்டிநாட்டு வீடு.

அதன் எதிரே வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். திண்ணை, தூண்கள், செதுக்கிய நிலை. எங்கள் ஊர்த் தெருவைக் கடற்கரையில் கொண்டுவந்து வைத்தது மாதிரி இருந்தது. நான் படியேறி, திரும்பிப் பார்த்தேன். அம்மா வரவில்லை. வீட்டின் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தாள்.

"எங்கேம்மா போறே?"

"வாசல் அங்கிட்டுல இருக்கும்."

எனக்குத் தொண்டை அடைத்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாமல். "சீட்டு வாங்கியிருக்கோம்மா. இதுதான் வாசல்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். முதல் படியில் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். தூசி இருக்கிறதா என்று பார்த்தாளோ, கும்பிட்டாளோ, தெரியவில்லை. பிறகு ஏறி, நிலையைத் தாண்டி உள்ளே போனாள். அறுபத்தாறு வயதில், முகப்பு வழியாக.

உள்ளே போனதும் வேறு ஆளாகிவிட்டாள். தூணைத் தட்டிப் பார்த்து, "பர்மாத் தேக்கு" என்றாள். சுவரைத் தடவி, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவரை எப்படிப் பழந்துணியால் மட்டும் துடைக்கவேண்டும், ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் எத்தனை அண்டா கழுவுவார்கள், எத்தனை பேர் உலக்கை பிடிப்பார்கள், மழை பெய்தால் வளவில் எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், அதை யார் வழித்துவிடுவார்கள். சற்றுமுன் திரும்பிப் பார்த்த அந்தக் கல்லூரிப் பெண்கள் இப்போது பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி நோட்டை எடுத்தாள். "பாட்டி, மறுபடி சொல்லுங்க. பூச்சுல வேற என்ன சேர்ப்பாங்க?"

அந்த அரைமணி நேரம் என் அம்மா சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் பாடம் எடுத்தாள். முடித்ததும் வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். திண்ணை துடைத்தவள் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அங்கே உட்கார்ந்தபடி எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு வீட்டைக் காப்பாற்றத் தூணையும் கதவையும் எடுத்துவைக்க முடியும். அது பெரிய காரியம், அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் அந்த வீட்டை நூறு வருடம் வீடாக வைத்திருந்த வேலையை லாரியில் ஏற்ற முடியாது. அது செய்தவளின் கையிலும் வாயிலும்தான் இருக்கிறது. அவள் போனால் அதுவும் போய்விடும். அதனால் இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். அம்மாவை, அப்பத்தாவை, தெருவில் வேலை பார்க்கும் ஒரு அக்காவைக் கூட்டிப் போங்கள். அட்டையில் எழுதியிருப்பதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு அட்டையில் இல்லாததை அவர்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பிய அன்றே பக்கத்து வீட்டு அத்தை வந்துவிட்டார். "என்னத்தா, வடபழநி போயிட்டு வந்தியாமே? விபூதி எங்கே?"

அம்மா என்னைப் பார்த்தாள். எடுத்துக்கொடுக்க விபூதி இல்லை. இன்னொரு பொய் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கோயிலுக்குப் போகலத்தா" என்றாள். "சும்மா பார்க்கப் போனோம்."